யார் கேட்பது?

என் தங்கையின் பிள்ளை சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை தாம்பரத்துக்கு வந்து பத்து நாள் தங்குவான். அந்தப் பத்து நாளில் எட்டு நாள் சிங்கப்பூரின் பெருமையைப் பேசுவான்; பாக்கி இரண்டு நாள் சிங்கப்பூரைத் திட்டுவான். திட்டுவதற்கு அவனுக்கு ஒரே ஒரு காரணந்தான் உண்டு. அந்த ஊரில் நினைத்த இடத்தில் நின்று ஒரு சிகரெட் பற்ற வைக்க முடியாதாம்.

போன தடவை வந்திருந்தபோது இருவரும் ஒரு காரியமாக வேளச்சேரிக்குப் புறப்பட்டோம். மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நடந்து, ரயில்வே மேம்பாலத்துப் படிகளை ஏறி இறங்கி, கிழக்குப் பக்கம் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். வந்து நின்ற மறு நிமிஷமே என் மருமான் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்தான். பக்கத்துப் பெட்டிக் கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் பற்ற வைத்துக்கொண்டு வந்தான். (வாடிக்கைக்காரர்களுக்குத் தீப்பெட்டிச் செலவு இல்லாமல் செய்த அந்தக் கயிற்றைக் கண்டுபிடித்த மகானுக்கு இதுவரை யாரும் சிலை வைக்கவில்லை.) எங்களுக்கு எதிரே ஒரு போர்டு. பொது இடத்தில் புகை பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம், அபராதம் 200 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. அவனும் அதைப் படித்தான், நானும் படித்தேன்.

"ஏண்டா, சிங்கப்பூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இப்படிச் செய்வாயா?" என்றேன்.

"அங்கே எப்படி மாமா? பிடித்து அபராதம் போட்டுவிடுவான். இங்கே யார் கேட்கப் போகிறார்கள்?"

அவன் சொன்னது மெய்தான். பக்கத்தில் பூக்கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகில் பையைச் சுமந்த ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமியும் அவளுடைய பாட்டியும் நின்றார்கள். பாட்டி சிறுமியின் கையைப் பிடித்து நாலு அடி தள்ளி அழைத்துக்கொண்டு போனாள். பூக்காரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் சொந்த மருமானை அதட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. ஆனாலும் நானும் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவனுடைய ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடலாம். நானும் ஒரு தடவை அங்கே போய் ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் இந்த விஷயத்தில் சட்டம் வந்தது நேற்று இன்றல்ல. 1970ஆம் வருஷமே பஸ்ஸிலும் சினிமாக் கொட்டகையிலும் நாடக அரங்கிலும் புகை பிடிக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு படிப்படியாக ஒவ்வோர் இடமாக வேலி போட்டுக்கொண்டே வந்தார்கள். 2013இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது நடைவழியும் மாடிப்படியும் கீழ்த்தளமும் வேலிக்குள் வந்தன. 2019 ஜனவரி 1 முதல் ஆர்ச்சர்ட் ரோடு என்கிற பெரிய கடைத்தெரு வட்டாரம் முழுவதும் வந்துவிட்டது. அங்கே புகை பிடிக்க வேண்டுமானால் அதற்கென்று குறித்த இடத்துக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும். மீறினால் 200 வெள்ளி. கோர்ட்டுக்குப் போனால் 1000 வெள்ளி வரை.

என் மருமான் என்னை அந்தக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனான். பத்து நிமிஷத்துக்கெல்லாம், "மாமா, இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மூலைக்குப் போனான். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்டவர், கூலி வேலை செய்கிறவர், நாகரிகமான ஒரு சீனப் பெண் எல்லாரும் ஒன்றாய் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாத்தியார் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய பிள்ளைகளைப் போல் இருந்தது. திரும்பி வந்ததும் அவன், "பார்த்தீர்களா, மனுஷனை மனுஷனாகவா நடத்துகிறார்கள்? என் காசு, என் சிகரெட், என் நுரையீரல். இவர்களுக்கு என்ன?" என்று பொருமினான்.

அதே மனுஷன் அன்று சாயங்காலம் இன்னொரு பேச்சுப் பேசினான். அவர்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர் தம் வீட்டு ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடிப்பாராம். அந்தப் புகை மேலே வந்து குழந்தை தூங்கும் அறைக்குள் நுழைகிறதாம். "இதற்கு ஒரு சட்டம் போடமாட்டேன் என்கிறார்களே!" என்று ஆத்திரப்பட்டான். ஆர்ச்சர்ட் ரோடில் சட்டம் அதிகமாகப் போய்விட்டது. அவன் வீட்டு ஜன்னலில் சட்டம் போதவில்லை! இதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டினேன். சிரித்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. எந்த ஊரானாலும் தடையைப் பற்றிய அபிப்பிராயம், நாம் புகையை விடும் இடத்தில் இருக்கிறோமா அல்லது அது வந்து சேரும் இடத்தில் இருக்கிறோமா என்பதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

இங்கிலாந்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற அறிஞர் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒருவனுக்குத் தீங்கு நேரும் என்பதற்காக அவனைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமை இல்லை, மற்றவருக்குத் தீங்கு நேரும்போதுதான் உண்டு என்பது அவர் கட்சி. புகை பிடிப்பவர்கள் அந்தக் கட்சியின் முதல் பாதியைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காதவர்கள் இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்வார்கள். மதுவிலக்கைப் பற்றி இந்த ரீதியில் நாள் முழுவதும் வாதாடலாம். 1937இல் சேலம் ஜில்லாவில் அதை ஆரம்பித்த காலத்திலிருந்து வாதாடிக்கொண்டுதானே இருக்கிறோம்! குடித்தவன் குடித்தது அவன் வயிற்றோடு போகிறது. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் படுகிற பாடு அப்புறம் வருவது. புகையில் அந்த 'அப்புறம்' கிடையாது. இழுத்தவன் வெளியே விட்டதைப் பக்கத்தில் இருப்பவன் அந்த க்ஷணமே இழுத்தாக வேண்டும். ஆகையால் மில்லின் கணக்கில் இந்த வழக்கு சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.

ஆனால் என் மனசில் தீராமல் இருப்பது வேறு ஒரு கேள்வி. தீங்கு நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை யார் சொல்ல வேண்டும்? 'யார் கேட்கப் போகிறார்கள்?' என்றானே என் மருமான், அந்தக் கேள்விதான்.

நம் ரயில்வே சட்டங்களில் இதற்கு மூன்று விதமான பதில் இருக்கிறது. 1890ஆம் வருஷத்துச் சட்டம், கூட வரும் பிரயாணிகளின் சம்மதம் இல்லாமல் பெட்டியில் புகை பிடித்தால் இருபது ரூபாய் வரை அபராதம் என்றது. அதற்கென்று தனியாக விட்ட பெட்டிக்கு மட்டும் விலக்கு. அந்தக் காலத்தில் இருபது ரூபாய் என்பது லேசான தொகை அல்ல. ஆனால் தொகையைவிட அந்தச் 'சம்மதம்' என்ற வார்த்தை முக்கியம். பிடிக்கிறவன்தான் கேட்க வேண்டும், "ஐயா, ஒரு சுருட்டுப் பிடிக்கலாமா?" என்று வாய் திறக்கும் கடமை அவனுடையது. 1989இல் புதுச் சட்டம் வந்தது. அதில், இன்னொரு பிரயாணி ஆட்சேபித்தால் பெட்டியில் புகை பிடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். அபராதம் நூறு ரூபாய் வரை. ரயில்வே நிர்வாகம் விரும்பினால் முழுக்கவே தடுக்கலாம் என்றும் சேர்த்தார்கள். இருந்தாலும் கேட்கும் கடமை இடம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். இப்போது வாய் திறக்க வேண்டியவன் புகையைச் சுவாசிப்பவன். மூன்றாவது பதில் 2003ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டமும், அதன் கீழ் வந்த விதிகளும். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார மந்திரியாக இருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று, ரயில் நிலையம், பஸ் நிற்குமிடம், ஆபீஸ், ஓட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவை அமலுக்கு வந்தன. இதன்படி ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. சர்க்காரே எல்லார் சார்பிலும் கேட்டுவிட்டது.

இந்த மூன்றில் எது நல்லது? மரியாதை தெரிந்த மனுஷர்களுக்கு முதல் சட்டமே போதும் என்று நான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வண்டவாளத்தை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். தமிழில் ரயிலுக்குப் புகைவண்டி என்று பெயர் வைத்திருந்தோம். மின்சாரம் வந்ததும் எஞ்சின் புகை விடுவதை நிறுத்திவிட்டது. அந்த வேலையைப் பிரயாணிகளாகிய நாங்கள் ஏற்றுக்கொண்டோம். எழுபதுகளில் நான் கோட்டையில் இறங்கி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவன். அப்போது அந்தக் குறுகிய மீட்டர்கேஜ் வண்டிகள். எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். சாயங்காலம் திரும்பும்போது எழும்பூர் தாண்டியதும் ஒரு சார்மினார் பற்ற வைப்பேன். மாம்பலத்தில் ஒன்று. பரங்கிமலைக்கு அப்புறம் ஒன்று. இத்தனைக்கும் நான் மரியாதை தெரிந்தவன் என்றுதான் பெயர். யாராவது ஒருவர் "கொஞ்சம் அணைத்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அணைத்திருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வண்டியில் சில நாட்கள் ஒருவர் எனக்கு எதிரில் உட்காருவார். ஒடிசலான மனுஷர், வெளுத்த சட்டை, நாற்பது வயசு இருக்கலாம். நான் சிகரெட்டை எடுத்ததும் அவர் எழுந்து வாசற்பக்கம் போய் நிற்பார். காற்றுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். ஒரு தடவை, "உட்காருங்கள், இடம்தான் இருக்கிறதே" என்றுகூட உபசாரம் செய்தேன். "பரவாயில்லை சார்" என்றார். ஒரு நாள் மழை. வாசலில் சாரல் அடித்தது. அன்றைக்கும் அவர் எழுந்து போய் நனைந்துகொண்டு நின்றார். குரோம்பேட்டை தாண்டி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார். அவர் கக்கத்தில் இருந்த பெரிய காகித உறையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். மார்பு எக்ஸ்ரேப் படம் வைக்கிற உறை. மழை படாமல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

அவர் இறங்கிய ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயரை நாங்கள் தினம் இரண்டு வேளை படிக்கிறோம். படித்துப் படித்து அதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. 1928இல் டேவிட் சௌரிமுத்து என்ற டாக்டர் காசநோய்க்காரர்களுக்காக அங்கே ஆஸ்பத்திரி கட்டினார்; 1937இல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. எங்கெங்கிருந்தோ மார்பு நோய்க்காரர்கள் நல்ல காற்றைத் தேடி எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த அதே வண்டியில் நான் சார்மினார் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாயிருக்கும். கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சபலம் உண்டு. உண்மை என்னவென்றால், மறுநாள் நான் வேறு பெட்டியில் ஏறினேன். சிகரெட்டை விடவில்லை, பெட்டியைத்தான் மாற்றினேன். பல வருஷம் கழித்து, என் மார்பே எனக்கு உபதேசம் பண்ணத் தொடங்கியபோதுதான் விட்டேன்.

அவர் ஏன் கேட்கவில்லை? இதை நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். நான் பேண்ட் போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நோயாளி, தம்முடைய நோயைச் சொல்லித்தான் என்னிடம் தயவு கேட்க முடியும். காசநோய் என்று சொன்னால் அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் சிகரெட்டை அல்ல, அவரைத்தான் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். 'ஆட்சேபித்தால்' என்று சட்டத்தில் எழுதிவிடுவது சுலபம். ஆட்சேபிப்பதற்கு ஒரு அந்தஸ்து வேண்டும். உரத்த குரல் வேண்டும். எதிராளி முறைத்தால் திருப்பி முறைக்கும் தைரியம் வேண்டும். பஸ் நிற்கும் இடத்துப் பூக்காரிக்கு அது உண்டா? ஆபீஸில் மானேஜரின் அறைக்குள் ஃபைலை வைத்துக்கொண்டு நிற்கும் குமாஸ்தாவுக்கு உண்டா?

அயர்லாந்து தேசத்தில் 2004 மார்ச் 29ஆம் தேதி, வேலை செய்யும் இடம் எல்லாவற்றிலும் புகை பிடிப்பதைத் தடுத்தார்கள். தேசம் முழுவதற்குமாக அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். அங்கே மதுக்கடைதான் ஊர்ச் சாவடி. புகையில்லாத மதுக்கடையை அவர்கள் கனவிலும் கண்டதில்லை. ஆகவே பெரிய கலகம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஜனங்கள் கிளாஸை உள்ளே வைத்துவிட்டு வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தார்கள். அந்தச் சட்டத்துக்குச் சர்க்கார் சொன்ன நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே சாராயம் ஊற்றிக் கொடுக்கிற சிப்பந்தியின் நுரையீரலைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். வந்தவர் எழுந்து வேறு கடைக்குப் போகலாம். சிப்பந்தி போக முடியாது. காசு கொடுக்கிற மனுஷனிடம் "அணையுங்கள்" என்று சொல்லவும் முடியாது. நம் சுப்ரீம் கோர்ட்டும் 2001 நவம்பரில், முரளி தேவ்ரா போட்ட வழக்கில், ஏறக்குறைய இதே நியாயத்தைத்தான் கேட்டது. பொது இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புகை பிடிக்காதவன் தன் உயிரை ஏன் இழக்க வேண்டும் என்று கேட்டது.

இதனால் நான் தடையின் கட்சிக்காரன். ஆனால் அந்தக் கட்சியில் எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. முப்பது அறை உள்ள ஓட்டலும், முப்பது பேர் உட்காரும் உணவு விடுதியும், விமான நிலையமும் புகை பிடிக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம் என்று நம் சட்டம் சலுகை கொடுத்தது. பல்லாவரத்தில் கல் சுமந்துவிட்டு வந்து பஸ்ஸுக்கு நிற்கிறவன் அரைப் பீடி இழுத்தால் அவனுக்கு 200 ரூபாய். அவனுக்குத் தனி இடம் யார் கட்டிக் கொடுப்பார்கள்? ஒரே சட்டம், ஒருவனுக்குக் கண்ணாடி அறை, இன்னொருவனுக்கு அரை நாள் கூலி.

இன்னொரு மனத்தாங்கல் பெரிது. நமக்காகச் சட்டம் கேட்கிறது என்று ஆன பிறகு நாம் கேட்கப் பழகுவதே இல்லை. சிங்கப்பூரில் என் மருமானிடம், "கீழ்வீட்டுக்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லேன்" என்றேன். "அதெல்லாம் சரிப்படாது மாமா, புகார் எழுதிப் போட்டிருக்கிறேன்" என்றான். வீட்டு ஜன்னலிலும் பால்கனியிலும் நின்று புகைப்பதைத் தடுக்க வேண்டும் என்று 2020இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசினார். கண்டுபிடிப்பது கஷ்டம், வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாக ஆகும் என்று அரசாங்கம் தயங்கியது. தயங்கியது நியாயந்தான். ஆனால் சட்டம் நின்றுவிட்ட அந்த இடத்தில், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இரண்டு மனுஷர்கள் ஒருவர் கதவை ஒருவர் தட்டத் தெரியாமல் நிற்கிறார்கள். தாம்பரத்தில் சட்டம் இருந்தும் கேட்பார் இல்லை. அங்கே சட்டம் இல்லாவிட்டால் கேட்பார் இல்லை.

வீடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர், புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினாலு வருஷம் தொடர்ந்து கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். புருஷன் தினம் இருபது சிகரெட்டுக்கு மேல் பிடித்த வீடுகளில் மனைவி நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. சிகரெட் கம்பெனிகள் அந்த ஆராய்ச்சியைச் சும்மா விடவில்லை; ஆனால் பிற்காலத்து ஆராய்ச்சிகள் அவர் பக்கமே பேசின. அந்த 91,540 பேரில் எத்தனை பேர் "வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று புருஷனிடம் சொல்லியிருப்பார்கள்? அதை யாரும் கணக்கெடுக்கவில்லை. என் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் நான் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பிடித்தேன். என் மனைவி சாம்பல் கிண்ணத்தை அலம்பி வைத்தாள். வேறு எதுவும் சொன்னதில்லை.

என் மருமான் ஊருக்குத் திரும்பும் நாளன்று, மூட்டை முடிச்சு அதிகம் இல்லாததால், இருவரும் மின்சார ரயிலிலேயே திரிசூலம் வரை போனோம். சானடோரியம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அந்த ஒடிசல் மனுஷரின் கதையை அவனுக்குச் சொன்னேன். பஸ் நிற்குமிடத்தில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. விமான நிலையத்து வாசலில் சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த சிகரெட் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இதை அங்கே கொண்டுபோக முடியாது மாமா. ஒரு சிகரெட் இருந்தாலும் காட்டி வரி கட்ட வேண்டும். எங்கேயாவது போட்டுவிடுங்கள்."

போடுவதற்கு மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேஜைமேல் வைத்திருந்ததை என் மனைவி பார்த்தாள்.

"இது யாருடையது?"

சொன்னேன்.

"வெளியே எடுத்துக்கொண்டு போய்ப் போடுங்கள். அந்த நாற்றமே எனக்கு ஆகாது."

"எப்போதிலிருந்து ஆகாது?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆன நாளிலிருந்து" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.